கண்டிஷன் கையெழுத்துக்கு ஆகும் பெட்ரோல்

"அதான் ஜாமீன் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் ஒரு ஜாமீன் உத்தரவை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் அதன் வாசகம் வக்கீல் குமாஸ்தாக்களுக்கு மனப்பாடம். பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தார்கள். ஜாமீன்தார்கள் போட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல் கேட்கப்படும். சாட்சியைக் கலைக்கக் கூடாது, தலைமறைவாகக் கூடாது. இதற்கு நடுவே ஒரு வரி இருக்கும்: மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு விசாரிக்கும் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.

கண்டிஷன் கையெழுத்து என்று சொல்லப்படும் இந்த ஒரு வரிதான் ஏழையின் ஜாமீனில் மிக அதிக விலை உள்ள பகுதி. அதை எந்தக் கோர்ட்டும் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்ப்போம். கையெழுத்துப் போட வேண்டியது வழக்குப் பதிவான ஸ்டேஷனில். அது வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 35 கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள், போக வர 70. லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக் என்றால் 1.4 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் நாளைக்கு 140, மாதம் 4,200. பஸ்ஸில் போகலாமே என்றால், 10.30க்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் டவுன் பஸ் எல்லா ஊருக்கும் இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, நல்ல திட்டம். ஆனால் கையெழுத்துப் போட நிற்கும் வரிசையில் பெரும்பாலும் ஆண்கள்தான்.

பெட்ரோலை விடப் பெரிய அடி அந்த 10.30. கட்டட வேலைக்கு ஆள் எடுப்பது காலை எட்டு மணிக்குள். 10.30க்கு ஸ்டேஷனில் நிற்பவனுக்கு அன்றைய கூலி போச்சு. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தால், ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) வரும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். நாள் கூலி 700, மாதம் 26 நாள் என்றால் 18,200. பெட்ரோலையும் சேர்த்தால் 22,400. உத்தரவில் எழுதிய பத்தாயிரத்தை யாரும் கட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் ஓடிப்போனால்தான் அது அரசுக்குப் போகும். எழுதாத தொகையோ மாதாமாதம் கையை விட்டுப் போகிறது.

பிணைத் தொகை அளவுக்கு மீறக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ்.ஸில் அது 484ஆவது பிரிவு. 1978இல் மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், கொத்தனாருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி அவரை ஜாமீன்தாராக ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் தொகையை ஆயிரமாகக் குறைத்தது. 2023 ஜனவரி 31 உத்தரவில் உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்றது. ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம் என்றும் சொன்னது. 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில், இருக்கும் இடத்தைக் கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்தது. கைப்பேசியில் கண்காணிப்பது தப்பு என்று ஆனது. 140 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுத் தினமும் நேரில் வந்து நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

கையெழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாட்சியை மிரட்டும் ஆள், மனைவியை அடித்தவன், இரண்டு தரப்பு மோதிக்கொண்ட ஊர், இங்கெல்லாம் அதற்கு வேலை இருக்கிறது. சாதி மோதல் வழக்கில் வெளியூரில் தங்கிக் கையெழுத்திடச் சொல்வதற்கும் காரணம் உண்டு, அங்கே அறை வாடகையும் சேர்ந்துகொண்டாலும். முதல்முறை சிக்கிய செல்போன் திருட்டு வழக்குக்கும் அதே வரியை ஒட்டுவதைத்தான் கேட்கிறேன்.

சிக்கியவர்கள் செய்ய வேண்டியது. ஜாமீன் வாதத்தின்போதே "இரண்டு வாரம்" அல்லது "நான்கு வாரம்" என்று காலம் குறிக்கச் சொல்லி வக்கீலைக் கேட்க வையுங்கள். "மறு உத்தரவு வரும்வரை" என்று வந்துவிட்டால், தளர்த்த மனுப் போடும்வரை அது தானாக முடியாது. போட்ட கையெழுத்துக்கு ஆதாரம் ஸ்டேஷன் நோட்டில் மட்டும் இருந்தால் ஆபத்து. தனி நோட்டில் தேதி, நேரம் எழுதி, பணியில் இருப்பவரிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் மல்லுக்கு நிற்க வேண்டாம். அன்றைக்கே ஒரு வரி எழுதிப் ஸ்பீட் போஸ்ட்டில் ஸ்டேஷனுக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் விட்டால் மருத்துவர் சீட்டோடு மறுநாளே எழுதிக் கொடுங்கள். விட்ட நாட்களைக் கோத்துத்தான் ஜாமீன் ரத்து மனு வரும்.

தளர்வு மனுவில் பெரும்பாலும் "மனுதாரர் ஏழை" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். தூரத்தை எழுதுங்கள், பஸ் நேரத்தை எழுதுங்கள், மேலே போட்ட மாதிரி ரூபாய்க் கணக்கை எழுதுங்கள். மாஜிஸ்திரேட் போட்ட நிபந்தனையை மாற்ற செஷன்ஸ் கோர்ட்டுக்கு பி.என்.எஸ்.எஸ். 483(1)(பி) பிரிவில் அதிகாரம் இருக்கிறது. உயர் நீதிமன்றம் போட்டது என்றால் பொதுவாக அங்கேயேதான் போக வேண்டும். அதற்கு ஒரு தனிச் செலவு.

பெட்ரோல் விலை குறைந்தால் இது சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாது. சென்னையில் 2021 ஜூலையில் விலை நூறைத் தாண்டியது. அடுத்த மாதம் மாநில அரசு மூன்று ரூபாய் குறைத்தது. ஒன்றிய அரசு கலால் வரியை அந்த நவம்பரில் ஐந்தும் 2022 மே மாதம் எட்டும் குறைத்தது. அப்படியும் விலை நூறைச் சுற்றியே நின்றது. 2025 ஏப்ரலில் கலால் மறுபடி இரண்டு ரூபாய் ஏறியது, அதை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் பெட்ரோல் பங்கில் தெரியவில்லை. கச்சா எண்ணெய் இறங்கும்போதும் இதே கதைதான், பங்கில் தெரியாது.

கோர்ட் கையில் இருப்பது வேறு. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் கையெழுத்து என்று மாற்றலாம், ஸ்டேஷன்கள் தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்ளட்டும். தினமும் என்பதை வாரம் ஒருமுறை ஆக்கலாம். இரண்டும் முடியாது என்றால் 10.30ஐ மாலை ஆறரை ஆக்குங்கள். ஸ்டேஷன் அப்போதும் திறந்துதான் இருக்கிறது, அவனுக்கும் அன்றைய கூலி மிஞ்சும்.