பிரஷர் மாத்திரை எங்கே?

(இரவு பத்து மணி. கோமதி கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் மூழ்கியிருக்கிறாள். சண்முகம் கொட்டாவியோடு வந்து உட்காருகிறார். தூக்கம் வராதவருக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான்.)

சண்முகம்: என்ன படம்?

கோமதி: ‘தி லிட்டில் ஃபாக்ஸஸ்’. 1941-இல் வந்தது. பெட்டி டேவிஸ்தான் ரெஜினா. பால்டிமோர் ஆஸ்பத்திரியில் கிடந்த புருஷனை, மகளை அனுப்பி வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள்.

சண்முகம்: பார்க்காமல் இருக்க முடியவில்லையாக்கும். பாவம்.

கோமதி: அவரை இல்லைங்க, அவருடைய 75,000 டாலரை! கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து பஞ்சாலை வைக்க இவள் பங்குக்கு வேண்டுமாம். அவர் தரமாட்டேன் என்கிறார்.

சண்முகம்: 1900-ஆம் வருஷக் கதையில் 75,000 டாலரா! நானும் தரமாட்டேன்.

கோமதி: நீங்கள் கொத்தமல்லிக்கே கணக்குக் கேட்கிறவர். உஷ்! இதுதான் முக்கியமான இடம். நெஞ்சுவலி வந்துவிட்டது. மருந்து பாட்டில் உடைந்துபோச்சு. இன்னொன்று மாடியில் இருக்கிறது, எடுத்து வா என்கிறார்.

சண்முகம்: எடுத்து வர வேண்டியதுதானே? ஏன் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்? அடடா, அவரே படியேறுகிறாரே! இந்த நேரம் பார்த்து டிவி வேறு மங்குகிறது.

கோமதி: டிவி நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டுமென்றே அவரை மங்கலாக்கி, இவள் முகத்தை மட்டும் பளிச்சென்று காட்டுகிறார்கள். வில்லியம் வைலர் இயக்கம், கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு, சும்மாவா? ஒன்பது ஆஸ்கர் பரிந்துரை. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சண்முகம்: மருந்தை எடுத்துக் கொடுத்திருந்தால் ஒன்றாவது கிடைத்திருக்கும்.

கோமதி: இந்தக் காட்சியை நாலாவது தடவையாகப் பார்க்கிறேன். இமைகூட ஆடவில்லை, பாருங்கள்!

(சண்முகம் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் இமையைப் பார்க்கிறார்.)

சண்முகம்: கோமதி, என் பிரஷர் மாத்திரை எங்கே?

கோமதி: மாடி அலமாரியில்.

சண்முகம்: மாடியிலா? யார் வைத்தது?

கோமதி: நான்தான். கீழே வைத்தால் பேரன் கையில் மாட்டுகிறது. எங்கே போகிறீர்கள்? கூடப்பிறந்தவர்கள் புருஷன் பணத்தில் செய்த திருட்டைச் சொல்லி அவர்களை மிரட்டி, ஆலையில் 75 சதவீதம் கேட்கப் போகிறாளே!

சண்முகம்: (நாலாவது படியில், முட்டியைப் பிடித்துக்கொண்டு) கேட்கட்டும். நீ பேசாமல் அங்கேயே உட்கார்ந்து... ஐயோ, உட்காராதே! எழுந்து நில்!