கையசைத்துவிட்டுத்தான் போனார்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம். பற்றி நடந்த சண்டையைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் மதிக்கும் அண்ணன் ஒருவர் அவர்களுடைய 15 ஆல்பங்களையும் வரிசைப்படுத்தி, கடைசி ஆல்பமான 'கொலாப்ஸ் இன்டு நவ்'வை 14ஆம் இடத்தில் வைத்திருந்தார். வைக்கட்டும், அது அவருடைய ரசனை. ஆனால் பக்கத்திலேயே "இது விடைபெறும் ஆல்பமே கிடையாது, கம்பெனிக்குக் கணக்கு முடிக்கப் போட்டுக் கொடுத்தது" என்று எழுதியிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் பதில் எழுதியதும், "பில் பெர்ரி போன பிறகு கேட்க வந்தவர்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று முடித்துவிட்டார். 1997இல் குழுவிலிருந்து விலகிய டிரம்ஸ்காரர்தான் பெர்ரி. அதற்குக் கீழே வந்து விழுந்த சிரிப்புப் பொம்மைகளில் எனக்கு நெருக்கமானவர்களும் சிலர் இருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது விடைபெறும் ஆல்பம்தான். நமக்குத்தான் அப்போது தெரியாது, பாடியவர்களுக்குத் தெரியும்.

2011 மார்ச்சில் ஆல்பம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி, தங்கள் இணையதளத்தில் ஒரு சிறிய அறிவிப்பைப் போட்டுவிட்டு, 31 ஆண்டு ஓடிய குழுவை முடித்துக்கொண்டார்கள். கடைசிச் சுற்றுப்பயணத்தின்போதும் இந்த ஆல்பத்தைச் செய்யும்போதும் 'அடுத்து என்ன' என்ற கேள்வி தங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்ததாக அந்த அறிவிப்பிலேயே பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் மில்ஸ் எழுதியிருக்கிறார். ஆல்பத்தின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பாடகர் மைக்கேல் ஸ்டைப் கையைத் தூக்கி அசைக்கிறார். அது போய்வருகிறேன் என்ற கையசைப்புதான், யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். 'ஆல் தி பெஸ்ட்' என்ற பாட்டு முழுக்க, இன்னும் ஒரு தடவை செய்து காட்டிவிட்டுக் கிளம்புவோம் என்ற வேகம்தான். ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணமும் போகவில்லை. 2008 நவம்பரில் மெக்சிகோ சிட்டியில் நடந்ததுதான் அவர்களுடைய கடைசிக் கச்சேரி. இத்தனையும் கண்முன்னால் இருக்கும்போது 'விடைபெறும் ஆல்பமே கிடையாது' என்றால், வேறு எப்படித்தான் விடைபெற வேண்டும்? அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்க வேண்டுமா?

கடைசிப் பாட்டுக்கு வாருங்கள், 'ப்ளூ'. ஸ்டைப் பாடுகிற மாதிரி பாடவில்லை, பேசிக்கொண்டே போகிறார். அந்தப் பேச்சின் மேல் ஒரு பெண் குரல் மிதந்து வருகிறது. அமெரிக்கப் பாடகியும் கவிஞருமான பேட்டி ஸ்மித். 1975இல் அவருடைய முதல் ஆல்பமான 'ஹார்ஸஸ்' வந்தபோது ஸ்டைப்புக்கு வயது 15. அதைக் கேட்டுத்தான் தன் வாழ்க்கை இதுதான் என்று முடிவு செய்ததாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996இல் ஒரு பாட்டில் அவரோடு பாடியும் ஆயிற்று. அப்புறம் 2011இல், தன் குழுவின் கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், தன்னை இந்த வழிக்குக் கொண்டுவந்த குரலையே அழைத்து வந்து பாட வைக்கிறார். பாட்டு முடியும் இடத்தில் ஆல்பத்தின் முதல் பாட்டான 'டிஸ்கவரர்' மறுபடி எழும்பி வருகிறது. அவ்வளவுதான், முடிந்தது. கம்பெனிக்குக் கணக்கு முடிக்கிறவர்கள் இப்படியா முடிப்பார்கள்?

ஒப்பந்தம் பற்றிச் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. 1996இல் வார்னர் கம்பெனியோடு 8 கோடி டாலர் என்று பேசப்பட்ட ஒப்பந்தம், ஐந்து ஆல்பங்கள், இது ஐந்தாவது. அதனால் என்ன? பாக்கி வைக்காமல் கொடுத்துவிட்டுப் போவது குற்றமா? ஏதோ ஒன்றைச் செய்து தள்ளிவிடுவதாக இருந்தால் ஊரில் உட்கார்ந்தே முடித்திருக்கலாம். நியூ ஆர்லியன்ஸ், நாஷ்வில், பெர்லினில் ஹன்ஸா ஸ்டுடியோ என்று அலைந்திருக்கத் தேவையில்லை. கத்ரீனா புயலுக்குப் பிறகு தன் ஊருக்குத் திரும்பி வருகிறவனின் பாட்டான 'ஓ மை ஹார்ட்'டை அதே நியூ ஆர்லியன்ஸ் ஊதுகருவிகளோடு பதிவு செய்திருக்கத் தேவையில்லை. ஒருமுறை ஹெட்போனில் கேட்டுவிட்டு அப்புறம் வந்து கணக்குப் பேசுங்கள்.

"1997லேயே நிறுத்தியிருக்க வேண்டும்" என்று சொல்கிறவர்களுக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். பெர்ரிக்கு நடந்தது எனக்குத் தெரியாதது போலப் பேசுகிறீர்கள். 1995 மார்ச் 1ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் லோசானில், மேடையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூளை ரத்தக்குழாய் வெடித்துச் சரிந்தார். பிழைத்து வந்து இன்னொரு ஆல்பமும் வாசித்தார். 1997இல் போதும் என்று கிளம்பினார். கிளம்பும்போது ஒரு நிபந்தனை வைத்தார். தான் போவதால் குழு உடையும் என்றால் தான் போகவே மாட்டேன் என்றார். மற்ற மூவரும் தொடர்கிறோம் என்று சொன்ன பிறகுதான், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், குழு பிறந்த ஏதென்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த தன் பண்ணைக்குப் போய் வைக்கோல் அறுவடையைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஸ்டைப் அப்போது சொன்னது பிரபலம். ஆக, 1997இல் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் பெர்ரியின் பெயரால் சொல்கிறீர்கள். பெர்ரி கேட்டதோ நேர் எதிர். அவர் பேச்சைக் காப்பாற்றியவர்களை அவர் பெயரைச் சொல்லியே திட்டுவது எந்த ஊர் நியாயம்?

பிறகு வந்த ஆல்பங்கள் எல்லாமே உயரம் என்று நான் சொல்லவில்லை. 2004இல் வந்த 'அரவுண்ட் தி சன்' பலவீனமானது. குழுவின் கிட்டார்காரர் பீட்டர் பக்கே அதைக் கேட்க முடியாது என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறார். உண்மையில் அந்த இடத்தில் முடிந்திருந்தால்தான் வருத்தம். சோர்ந்துபோய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்திருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? 2007இல் டப்ளினில் ஒரு அரங்கத்தில் ஐந்து இரவுகள் ஜனங்கள் முன்னாலேயே புதுப் பாட்டுகளை வாசித்துப் பழகினார்கள். அதிலிருந்து 'ஆக்ஸிலரேட்' வந்தது. அதற்கு அடுத்ததுதான் இந்தக் கடைசி ஆல்பம். விழுந்த இடத்திலிருந்து எழுந்து, நிமிர்ந்து நின்று, தங்கள் காலாலேயே வெளியே நடந்தார்கள். இதைத்தான் அன்று இரவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றாக முடிப்பது ஒரு வேலை. அதை அவர்கள் செய்தார்கள். ஒருவர்கூட அதற்கு ஒரு வார்த்தை மரியாதை கொடுக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்டால், என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கோயில் கொடைக்குக் கொடை, கல்யாணத்துக்குக் கல்யாணம், ராத்திரி முழுக்கக் கச்சேரி. கீபோர்டு, ரிதம் பேட், மூன்று பாடகர்கள், ஒரு வேன். பத்துப் பதினைந்து வருஷம் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள். ஒரு கொடையில் அட்வான்ஸ் பணம் யார் கையில் போனது என்று மேடைக்குப் பின்னால் தகராறு. விடிகிற நேரம் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அதுதான் கடைசிக் கச்சேரி என்று வாசித்தவர்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. பல வருஷம் கழித்து அந்தக் குழுவின் முக்கியப் பாடகர் இறந்தபோது சித்தப்பா துஷ்டிக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரோடும் பேசவும் இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதனால்தான் நான்கு பேர் சண்டையில்லாமல், வக்கீல் இல்லாமல், ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டே பிரிந்தார்கள் என்பது எனக்கு ஒரு பாட்டைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அது தானாக நடந்ததும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே யார் எழுதினாலும் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நான்கு பெயரையும் போட்டார்கள், வந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். 1980 ஏப்ரலில் ஏதென்ஸில் ஒரு பழைய தேவாலயத்தில், சிநேகிதியின் பிறந்தநாளுக்கு வாசித்த பையன்கள். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பிறகும் அந்தப் பங்கை மாற்றவில்லை. என் சித்தப்பாவின் குழுவுக்கு அது வாய்த்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

"இசையைப் பற்றிப் பேசச் சொன்னால் நல்ல மனுஷங்க என்று சர்டிபிகேட் கொடுக்கிறீர்களே" என்று யாராவது கேட்பீர்கள். 'இட் ஹாப்பன்ட் டுடே' கேளுங்கள். வார்த்தையெல்லாம் தீர்ந்த பிறகு பல குரல்கள் வெறும் ஓசையாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். அதில் பேர்ல் ஜாம் குழுவின் பாடகர் எடி வெட்டர் குரலும் உண்டு. ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பழகியவர்களால்தான் அப்படிப் பாட முடியும். எனக்கு இரண்டும் வேறு வேறு இல்லை. உங்களுக்கு வேறு என்றால் இருக்கட்டும்.

'பின்னால் வந்தவன்' விஷயத்தையும் பேசிவிடுகிறேன், அதுதான் அதிகம் வலித்தது. ஆமாம், நான் 2001இல் 'ரிவீல்' ஆல்பம் வந்த காலத்தில், காலேஜ் ஹாஸ்டலில், எம்பி3 சிடி வழியாக வந்தவன். 1983இல் அவர்களுடைய முதல் ஆல்பமான 'மர்மர்' வந்தபோது அதைக் கேட்க எங்கள் தெருவில் வழியே கிடையாது. எங்கள் ஊர் கேசட் கடையில் 'லூசிங் மை ரிலிஜன்' தவிர இவர்களுடையது ஒன்றுமே கிடைத்ததில்லை. எந்த வாசல் திறந்திருந்ததோ அந்த வாசல் வழியாக வந்தோம். கடைசிப் பத்து வருஷம் கூடவே இருந்து, ஒவ்வொரு ஆல்பமும் வெளிவந்த நேரத்தில் கேட்டு, அந்தச் செப்டம்பர் அறிவிப்பை அலுவலகத்தில் படித்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தவன் நான். அதற்கு முன்பே கேட்பதை நிறுத்திவிட்டவர்கள், அந்த விடைபெறுதல் உண்மையா பொய்யா என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, "அவ்வளவு ஒற்றுமை என்றால் மறுபடி சேர வேண்டியதுதானே" என்ற கேள்வி. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். அதற்கு முன் நடந்த பேட்டியில், என்ன நடந்தால் மறுபடி சேர்வீர்கள் என்று கேட்டதற்கு, 'ஒரு வால்நட்சத்திரம்' என்றார் மில்ஸ். 2025 பிப்ரவரியில் ஏதென்ஸில் 40 வாட் கிளப்பில், வேறொருவர் அவர்கள் பாட்டுகளை வாசித்த கச்சேரியில் நால்வரும் மேடையேறினார்கள். பெர்ரியும்தான். பாட்டு முடிந்தது, இறங்கிவிட்டார்கள். அந்த வீடியோவின் கீழும் போய், டூர் எப்போது என்று கேட்கிறீர்கள். அவர்கள் முடித்துவிட்டார்கள் என்பதை ஏன் யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை? முடித்ததால்தானே அப்படிச் சிரித்துக்கொண்டு ஒரே மேடையில் நிற்க முடிகிறது? எத்தனை குழுக்களுக்கு அது முடிந்திருக்கிறது? சித்தப்பாவுக்கு முடியவில்லை.

அண்ணன் மேல் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு. 'மர்மர்' பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான் நான் அந்த ஆல்பத்தையே சரியாகக் கேட்டேன். ஆனால் 14ஆம் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை அவர் எடுத்துவிட வேண்டும் என்று இங்கேயே, எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். இடத்தை மாற்ற வேண்டாம், வரியை மட்டும். கமெண்டில் யாரும் புதிதாகத் தரவரிசை போடாதீர்கள், நீக்கிவிடுவேன்.