ஏசி வாங்க முடியாதவருக்குத்தான் ஜன்னல் வேண்டும்

குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கான மறுகுடியமர்வு வீடுகளின் ஜன்னலைப் பற்றி ஒரு கருத்தரங்கில் நான் கேள்வி கேட்ட வீடியோவை எனக்கே அனுப்பி "மேடம், இது நீங்கதானே?" என்று கேட்ட எல்லாருக்கும்: ஆமாம், நான்தான். அரங்கம் சிரித்தபோது மைக்கைப் பிடித்தபடி நின்றவளும் நான்தான். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று என்னுடைய பழைய மாணவர் ஒருவர் அதைப் பகிர்ந்து, "சார் சொன்னதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்" என்று எழுதியிருந்தார். எங்களிடம் கட்டடக்கலை படித்த பிள்ளை. அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வீடியோவில் என் கேள்வி முழுதாக இல்லை. நான் கேட்டது இவ்வளவுதான்: திரையில் நீங்கள் காட்டுகிற மறுகுடியமர்வுக் குடியிருப்பில், ஒரு வீட்டுக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு எவ்வளவு? மேடையில் அதைக் காட்டிக்கொண்டிருந்தவர், அந்த மாணவர் சொல்கிற "சார்", தந்த பதில்: "மேடம், முதல்ல தலைக்கு மேல ஒரு கூரை. காத்து, வெளிச்சமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

நான் கேட்டது என் சொந்த ஆசை இல்லை. குடியிருப்புக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பில் அந்தக் கணக்கு இருக்கிறது. சென்னை மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில், ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு எல்லாம் சேர்த்து, கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்குகிற தரைப்பரப்பில், 16.66 சதவீதமாவது வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு. 30 சதுர மீட்டர் வீடு என்றால் 5 சதுர மீட்டர். அன்று திரையில் இருந்த வரைபடத்தில் நடுவே இருட்டாக ஒரு நடைக்கூடம், இரண்டு பக்கமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே பக்கத்தில் மட்டும் ஜன்னல், அதுவும் ஸ்லைடிங். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். காற்று உள்ளே வந்தால் வெளியேற இன்னொரு வழி வேண்டும். அந்த வழி வரைபடத்தில் இல்லை.

திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மோசமாக வடிவமைத்த வீட்டில் காசு உள்ளவர் ஏசி போட்டுத் தப்பித்துக்கொள்வார். காசு இல்லாதவர் அந்தச் சுவருக்குள்ளேயே கிடக்க வேண்டும். ஆகவே நல்ல வடிவமைப்பு முதலில் போக வேண்டிய இடம் அவருடைய வீடு. நம் தொழிலில் அது கடைசியாகத்தான் அங்கே போகிறது, அல்லது போவதே இல்லை.

மும்பை கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு. ஏழு மாடிக் கட்டடங்கள், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளி. கீழ்த்தளங்களில் வெயில் விழாது, காற்று ஓடாது. அங்கே காசநோய்க்கும் வீட்டின் வெளிச்சம், காற்றோட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2018இல் அறிக்கையே வந்தது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. அடைத்த அறையில் தங்கும், வெயிலில் சாகும். இது தெரிந்த பிறகும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றால், அந்த அப்புறம் எப்போது? எக்ஸ்ரே எடுத்த பிறகா?

"வீட்டு வாரியம் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஏசி ரூம்ல இருந்து பேசறீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நான் வளர்ந்தது வடசென்னையில் ஒரு குடிசை மாற்று வாரிய வீட்டில். மேல்மாடி. மே மாதம் சாயங்காலம் அம்மா குடத்தில் தண்ணீர் தூக்கிப்போய் மொட்டைமாடியில் ஊற்றுவார். தண்ணீர்ப் பஞ்சத்தில் அதற்கும் திட்டு விழும். இரவு பதினொரு மணிக்கும் மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. மழைக்காலம் வந்தால் அதே சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. என் தம்பிக்கு இழுப்பு. ராத்திரியெல்லாம் அவனை மடியில் உட்காரவைத்து அம்மா விசிறிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைக்கு ஏதோ காற்றுசேஷ்டை என்று மந்திரிக்கச் சொன்னார். அந்த அறையில் காற்றே இல்லை என்பதுதான் பிரச்சினை என்று எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. அன்றிலிருந்து இதைத்தான் படிக்கிறேன், இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால்தான் அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து செலவு. எல்லாரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி திருப்பி வைக்க என்ன செலவு? மனை இடம் கொடுத்தால் ஒன்றுமில்லை. கிழக்கிலும் மேற்கிலும் அடிக்கிற வெயில்தான் தாழ்வாக வந்து சுவரைச் சுடும். தெற்கு வெயிலை ஒரு சன்ஷேட் தடுத்துவிடும். ஸ்லைடிங்குக்குப் பதில் முழுதாகத் திறக்கிற ஜன்னல் வைப்பதும், மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் எஸ்டிமேட்டைக் கவிழ்த்துவிடாது. அகமதாபாத் 2013லேயே வெப்பச் செயல்திட்டம் போட்டது. குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையையும் பிறகு அதில் சேர்த்தது. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக, நடைக்கூடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வீடு வைத்தால் செலவு கூடும், உண்மைதான். கூடட்டும். நோய்க்கு ஆகிற செலவை மட்டும் ஏன் யாருமே எஸ்டிமேட்டில் சேர்ப்பதில்லை?

மலிவான வீடுகளுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் எழுப்பினார். நடுவில் காற்று நிற்கிற இடைவெளி இருப்பதால் வெப்பம் குறைவாக இறங்கும், செங்கல்லும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். மலிவும் சுகமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்கள் அங்கே அவர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் வளாகத்தைப் போய்ப் பார்க்கட்டும். "இது மைவான் காலம் மேடம்" என்பார்கள். தெரியும். அலுமினிய அச்சு போட்டு, சுவரும் தளமும் சேர்த்து ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் ஊற்றுவது. வேலை வேகமாக முடியும். கான்கிரீட் செங்கல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதும் தெரியும். அச்சில் ஜன்னலைச் சின்னதாக வைத்துவிட்டால் அந்தச் சின்ன ஜன்னல் ஆயிரம் வீட்டுக்கும் போகும், பிறகு உடைத்துப் பெரிசாக்கவும் முடியாது. அதனால்தான் வரைபடத்தில் இருக்கும்போதே கேட்டேன்.

"அவங்களே ஜன்னலை அடைச்சு வெச்சுக்கறாங்க." இதைச் சொன்னவர் ஒரு தடவையாவது நின்று யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் எதிர்வீட்டுப் படுக்கையைப் பார்த்தபடி இருந்தால் எந்தப் பெண் திறந்து வைப்பாள்? கீழே சாக்கடை, கொசுவலை கிடையாது. யார் திறப்பார்கள்? அவர்கள் ஜன்னலை அடைப்பது அந்த வடிவமைப்பைப் பற்றிய புகார். நாம் அதை அவர்களுடைய குணத்தைப் பற்றிய புகாராக மாற்றிவிட்டோம்.

"குடிசைக்கு இது எவ்வளவோ மேல்" என்பதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் இருக்கிற மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் தூரமாகிப்போயின. எட்டு மாடி, லிஃப்ட் நின்றால் வயதானவர் வீட்டிலேயே. இவ்வளவையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு கொடுத்த வீடு அது. இனாம் இல்லை. கொடுக்கிற வீட்டில் குறை சொல்லக்கூடாது என்கிற எண்ணத்தை முதலில் விடுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் யாராவது இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆள் உயிரோடு இருக்கும்போது அவருக்கு ஒரு ஜன்னல் கேட்டால் ஏன் சிரிக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை அமர்வு முழுக்கக் கண்ணாடிச் சுவர் அலுவலகங்கள். பசுமைக் கட்டடங்களுக்கான பிளாட்டினம் தரச்சான்று, மின்சாரச் சேமிப்பு, உள்ளே காற்றின் தரம் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். அங்கே ஒருவரும் "காத்து அப்புறம்" என்று சொல்லவில்லை. ஊழியர்களின் நுரையீரலைப் பற்றி அவ்வளவு அக்கறை. மத்தியானம் அதே அரங்கில் அந்த அலுவலகத்தைப் பெருக்குகிற பெண் குடியிருக்கப்போகும் வீட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் நடைமுறை தெரியாதவள் ஆனேன். கேள்வி ஒன்றுதான். ஆள்தான் வேறு.

அந்த மாணவருக்கு: உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது. ஸ்டுடியோ என்கிற வடிவமைப்பு வகுப்பில் உங்களுக்கு ரிசார்ட்டும் வில்லாவும் மியூசியமும் கொடுத்து அனுப்பிய படிப்பு இது. முப்பது சதுர மீட்டரில் நாலு பேர் தூங்குவதைப் பற்றி ஒரு செமஸ்டர்கூடக் கொடுக்கவில்லை. வருகிற செமஸ்டர் என் வகுப்புக்கு அதுதான் தலைப்பு. மனையும் நிஜமான மனை. மாணவர்களின் வரைபடங்களை மதிப்பிடும் நடுவர் குழுவில், கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் இருக்கிற பெண்களை உட்காரவைக்கக் கேட்டிருக்கிறேன். வரைபடம் படிக்கத் தெரியாதே என்று துறையில் இப்போதே ஒரு முணுமுணுப்பு. மாதிரி செய்து காட்டுங்கள், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீயும் வா.