திருப்புளி பிடிக்கிற ஊராம்!

நேற்றிலிருந்து சுற்றுகிற அந்த டிவி கிளிப்பைப் பற்றித்தான். வெளிநாட்டுக் கம்பெனிகள் தொழிற்சாலையைச் சென்னையிலும் ஆராய்ச்சியைப் பெங்களூரிலும் வைப்பது ஏன் என்று ஒருவர் அதில் விளக்குகிறார். எல்லாரும் பார்த்தாயிற்று, பெயர் வேண்டாம். சென்னைக்குத் திருப்புளி, பெங்களூருக்கு மூளை என்று அவர் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

ஐயா, வெளிநாட்டுக் கம்பெனி யாருக்குப் புத்தி அதிகம் என்று பார்த்து ஆராய்ச்சிப் பிரிவு வைப்பதில்லை. ஆள் கிடைக்கிற இடத்தில் வைக்கிறது. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க சிப் கம்பெனி பெங்களூருக்கு வந்தபோது இந்திய அறிவியல் கழகம், விமானம் செய்கிற எச்.ஏ.எல்., இஸ்ரோ என்று அரசுப் பணத்தில் உருவான பொறியாளர் கூட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர். 2000-இல் ஜி.ஈ.யின் (ஜெனரல் எலக்ட்ரிக்) ஆராய்ச்சி மையம், 2005-இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச். வேலை மாறினாலும் வீடு மாற வேண்டாம் என்றால் யார்தான் அந்த ஊரை விடுவார்கள்? இதில் பிறவி மூளை எங்கே வந்தது?

எனக்கு உறுத்துவது வேறு. ஹூண்டாய் 1998-லிருந்து சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது, அதன் பொறியியல் மையம் ஹைதராபாத்தில். "மெயில் இருக்கு, வீடியோ கால் இருக்கு, தூரமெல்லாம் ஒரு விஷயமா?" என்பீர்கள். அப்படியென்றால் திருநெல்வேலியில் வையுங்களேன், யார் வேண்டாமென்றது?

தூரம் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரகடம் பக்கம் வேறொரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். ஒரு பிராக்கெட்டில் துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஷிப்டுக்கு ஷிப்ட் பையன்கள் ரவுண்டு ஃபைலால் ராவி ராவித்தான் மாட்டினார்கள். டிராயிங்கை மாற்றச் சொல்லி மெயில் போட்டோம், "பரிசீலனையில் உள்ளது" என்று மாதக்கணக்கில் அதே பதில். கடைசியில் டிசைன் ஆள் ஒருவர் நேரில் வந்து பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். டீ ஆறுவதற்குள் தப்பு அவருக்கே புரிந்துவிட்டது. எங்கள் லைன் பையன் அதை முதல் வாரமே சொல்லியிருந்தான். அவனுக்குத்தான் மூளை இல்லையாம்.

பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2015-இல் வந்த ரெனோ க்விட் போதும். தொழிற்சாலை ஒரகடத்தில், தொழில்நுட்ப மையம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில், இரண்டும் சென்னையை ஒட்டித்தான். அந்தக் காரை உருவாக்கிய வேலையில் பெரும்பகுதி சென்னையில்தான் நடந்தது. அதைப் பற்றி ஒரு கிளிப் வராது.

"ஊர்வெறி பேசுகிறாய்" என்று கமெண்டில் வருவார்கள், வரட்டும். பெங்களூர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஞாயிறு ராத்திரி சேலத்திலும் வேலூரிலும் பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தைப் பாருங்கள், அந்த "பெங்களூர் மூளை"யில் எத்தனை நம் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். என் அக்கா மகனும் அதில் ஒருவன். சிப் டிசைன் பார்க்கிறான், பொங்கலுக்குக்கூட லீவு கிடைக்காமல் அக்கா போனை வைத்துவிட்டு அழுகிறாள். இவர் டிவியில் உட்கார்ந்து திருப்புளி என்கிறார்!

"வேலை கொடுத்தார்களே, அது போதாதா?" போதாது. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகர் லைன் ஆட்கள்தான் தெருவுக்கு வந்தார்கள், அதே கம்பெனியின் கம்ப்யூட்டர், பொறியியல் வேலைகள் சென்னையிலேயே தொடர்ந்தன.

நம் அரசுக்கும் ஒன்று. அடுத்த ஒப்பந்தப் போட்டோவில் எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று போடுகிற இடத்துக்குக் கீழே, டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவர் எந்த ஊரில் உட்காருவார் என்பதையும் போடுங்கள்.