முதல் காரின் கதையை அம்மாவின் நோட்டிலிருந்தும் படிக்க வேண்டும்

எங்கள் வீட்டில் முதல் காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது அப்பாவின் கதையாகத் தொடங்கி அப்பாவின் கதையாகவே முடியும். அவர் எப்படி அந்த வண்டியைத் தேடிப் பிடித்தார், எப்படி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார், மலைப்பாதையில் நின்றுபோன வண்டியை எப்படிக் கிளப்பினார் என்று வரிசையாகச் சொல்வோம். நானும் ஐம்பது வருடங்களாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு பழைய பெட்டியைத் திறந்து அடுக்கியபோது அம்மாவின் கையெழுத்தில் ஒரு நோட்டு கிடைத்தது. அதைப் படித்து முடித்த பிறகு அந்தக் கதையைப் பழையபடி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் முதல் காரை ஓட்டியவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் அதை ஓட வைத்தவர்கள் பலர். அவர்களை விட்டுவிட்டுச் சொல்லப்படும் கதை அரைக்கதை என்பதே இன்று என் எண்ணம்.

அது நீல அட்டை போட்ட சாதாரண நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் பென்சிலால் கோடு கிழித்து ஐந்து பத்திகளாகப் பிரித்திருக்கிறார்: தேதி, மீட்டர், பெட்ரோல், ஆயில், வேலை. முதல் பதிவு 1971இல், வண்டி வீட்டுக்கு வந்த அன்றே எழுதப்பட்டது. மீட்டர் பத்தியில் 38,412 என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வண்டிக்கு அப்போது பத்து வயது. எங்களுக்கு முன் இருவர் கையில் இருந்தது. அதன் மீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான். 99,999க்கு அடுத்த கிலோமீட்டரில் எல்லா எண் சக்கரங்களும் ஒன்றாக உருண்டு மீண்டும் 00000 ஆகிவிடும். ஆகவே அந்த வண்டி ஓடியிருந்தது 38,412 கிலோமீட்டரா, 1,38,412 கிலோமீட்டரா என்பதற்கு விற்றவரின் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி இல்லை. அப்பா அந்தச் சொல்லை நம்பினார். அம்மா கேள்விக்குறி போட்டு வைத்தார்.

இன்றைய காரில் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துக் கார் தனியாக ஓடாது; சுற்றியிருப்பவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டுதான் ஓடும். காலைக் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்ட வேண்டும். அதற்குத்தான் சோக். எங்கள் வண்டியில் அது டேஷ்போர்டில் இருந்த ஒரு சிறிய கறுப்புக் குமிழ். அதன் மேல் பொறித்திருந்த எழுத்து விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து போயிருந்தது. அந்தக் குமிழ் அக்காவின் பொறுப்பு. அப்பா சாவியைத் திருகுவார். அக்கா குமிழைப் பிடித்தபடி, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, அது தடுமாறாமல் நிற்கத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவாள். அளவு தவறினால், தீப்பொறி தரும் பிளக் நனைந்து, பெட்ரோல் வாடை வீசி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். அப்பா அவசரத்தில் முழுவதும் இழுத்துவிடுவார் போலிருக்கிறது. நோட்டில் ஓரிடத்தில், “சோக் பாதி போதும். பெரியவள் சொன்னதுதான் சரி” என்று அம்மா எழுதியிருக்கிறார். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. இந்த வரியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அவள் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

பாட்டரி இறங்கிய நாட்களில் அப்பா முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். மின்சாரத்தால் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரை சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, அது 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்துவிட்டது. அப்படியிருந்தும் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த வண்டிகள்கூட அந்த இரும்புத் தடியைக் கைவிடவில்லை. கட்டைவிரலைத் தடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதை அப்பா எங்களுக்குப் பலமுறை காட்டியிருக்கிறார். இன்ஜின் எதிர்த் திசையில் உதைத்தால் தடி கையை விட்டு நழுவிப் போக வேண்டும்; கட்டைவிரல் மாட்டிக்கொண்டால் எலும்பு முறியும். அவருடைய பலமும் கவனமும் உண்மையானவை. அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை.

ஆனால் ஹேண்டிலுக்கும் மசியாத நாட்கள் உண்டு. அப்போது வண்டியைத் தள்ள வேண்டும். வீட்டிலேயே பலசாலி அப்பா என்பதால் அவர் பின்னால் வந்துவிடுவார். நானும் தம்பியும் அவருக்கு இரு பக்கமும் நின்று தள்ளுவோம். அப்படியானால் ஸ்டீயரிங்கில் யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வியை இத்தனை வருடங்களில் நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. அம்மாதான் இருந்தார். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, வண்டி ஓட்டம் பிடித்த நொடியில் கிளட்சை விட்டு, இன்ஜின் பற்றிக்கொண்டதும் மறுபடி மிதித்து, அது அணைந்துவிடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். முதல் கியரில் விட்டால் வண்டி வெட்டி நிற்கும். இத்தனையும் தெரிந்த ஒருவரைத்தான் வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 1973இல் ஒரு பதிவில், வேலை என்ற பத்தியில் இப்படி இருக்கிறது: “தள்ளி ஸ்டார்ட். நிறுத்தாமல் தெருமுனை வரை நானே ஓட்டினேன்.” அந்த வரியின் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார். நோட்டு முழுவதும் தேடிப் பார்த்தேன். அடிக்கோடிட்ட வேறு வரி இல்லை.

மெக்கானிக் வரும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கணக்கு கேட்பதற்காக நிற்கிறார் என்று எண்ணியிருந்தேன். நோட்டைப் பார்த்த பிறகுதான் அவர் கற்றுக்கொண்டிருந்தார் என்பது விளங்கியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட் இருக்கும். இரண்டு சின்ன உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரிவதில்தான் பிளக்குக்கு வேண்டிய தீப்பொறியே பிறக்கிறது. அந்த முனைகள் முழுதாக விலகி நிற்கும்போது இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் இன்ஜின் இருமும், இழுவை போய்விடும், பெட்ரோலைக் குடிக்கும். நோட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை “பாயிண்ட் தேய்த்தேன்” என்று வருகிறது. “தேய்த்தார்” என்றோ “தேய்க்கச் சொன்னேன்” என்றோ இல்லை. வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் உப்புத்தாளும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜும் வைத்துக்கொண்டு, பானெட்டுக்குள் குனிந்து நின்ற உருவம் எனக்குக் கலங்கலாக ஞாபகம் இருந்தது. அதை அப்பாவாகவே என் மனம் வரைந்து வைத்திருந்தது.

மலைப்பாதைக் கதைக்கு வருகிறேன், எங்கள் குடும்பத்தில் அதிகம் சொல்லப்பட்ட கதை அதுதான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. அப்பா அரை மணி நேரத்தில் அதைக் கிளப்பிவிட்டார். நடந்தது வேப்பர் லாக். இன்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட, பம்ப்பால் அதை இழுக்க முடியாமல் போகும். டாங்க்கில் பெட்ரோல் நிறைய இருக்கும், கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் வந்து சேராது. குளிரும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது குளிர வைக்க வேண்டும். அன்றைய பதிவு இது: “ஏற்றத்தில் நின்றது. சின்னவனின் துண்டை நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றினேன். கிளம்பியது. இனி ஒரு துணியும் பாட்டிலில் தண்ணீரும் எப்போதும் வண்டியில்.” அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் எங்கள் காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அது எதற்காக இருந்தது என்பது நோட்டைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. அப்பா வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. கதை வாய் மாறி வரும்போது, ஸ்டீயரிங்கில் இருப்பவரின் பெயரில் எல்லாம் சேர்ந்துவிடுகிறது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. 1886 ஜனவரி 29 அன்று தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரிய கார்ல் பென்ஸை உலகம் அறியும். அந்த முயற்சிக்குத் தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவர் அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் அவர் கணவரிடம் சொல்லாமல், பதினைந்து வயது ஆய்கனையும் பதின்மூன்று வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தன் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ராய்ன் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு தோல் அடித்தார். ஏற்றங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைக் கேட்ட பிறகே ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் வண்டியில் சேர்ந்தது. ஆக, மோட்டார் காரின் முதல் நெடும்பயணமே ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் போன குடும்பப் பயணம்தான். இதை முதன்முதலில் படித்தபோது சுவையான செய்தி என்று கடந்துவிட்டேன். இப்போது தொப்பி ஊசியைப் படிக்கும்போது நனைத்த துண்டு கண்முன் வருகிறது.

பழைய கார்களே நல்ல கார்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் முதல் காரில் சீட் பெல்ட் என்பதே கிடையாது. தம்பி முன் சீட்டில் அம்மாவின் மடியில் நின்றுகொண்டு வருவான். திடீரென்று பிரேக் பிடித்தால் அம்மாவின் கைதான் அவனுக்குப் பெல்ட். வோல்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959லேயே உருவாக்கி, மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வழி திறந்துவிடப்பட்டிருந்தது என்பதை அறியும்போது, நாங்கள் அத்தனை வருடம் எதை நம்பிப் பயணம் செய்தோம் என்று உடல் நடுங்குகிறது. நாங்கள் ஆசையோடு முகர்ந்த அந்தப் பெட்ரோல் புகையில் ஈயம் இருந்தது. சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்தை விட்டுப் போனது 2021 ஜூலையில்தான், அல்ஜீரியா அதைக் கைவிட்டபோது. அந்த ஆபத்துகள் போனதில் எனக்கு நிம்மதியைத் தவிர வேறு உணர்வு இல்லை.

இரண்டாவது கார் 1986இல் வந்தது. முன்சக்கர இழுவை, பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன், முன் சீட்டுக்குப் பெல்ட். அதற்கும் அம்மா நோட்டு போட்டார். ஆனால் வேலை என்ற பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. மூன்றாவது காரில் சோக்கும் போய்விட்டது. சென்சார்கள் சூட்டை அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு கணினியே முடிவு செய்தது. அதற்கு நோட்டே இல்லை. அந்த இரண்டு கார்களிலும் நாங்கள் அதிக தூரம் போயிருக்கிறோம், அதிக சுகமாகவும் போயிருக்கிறோம். இருந்தும் அவற்றைப் பற்றி எங்களில் யாரிடம் கேட்டாலும் நிறத்தைத் தாண்டி அதிகம் சொல்ல வராது. முதல் காரை நாங்கள் மறக்காததற்குக் காரணம் முதல் என்பது மட்டும் என்று இப்போது தோன்றவில்லை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. நாங்கள் இல்லாமல் அது நகர்ந்திருக்காது.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு முதல் காரைப் பற்றித் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். என்ன கார், என்ன நிறம் என்பதைப் புகைப்படமே சொல்லிவிடும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது யார், தள்ளும்போது ஸ்டீயரிங்கில் இருந்தது யார், எந்தச் சத்தம் வந்தால் யார் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். எனக்கு நோட்டு கிடைத்தது. அம்மாவிடம் கேட்கும் வாய்ப்பு போய்விட்டது.

அந்த முதல் காரை விற்ற நாள் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1980இல் மீட்டர் 00000க்குத் திரும்பிய நாளிலிருந்து அம்மா எண்ணுக்கு முன்னால் தானே ஒரு 1 சேர்த்து எழுதி வந்திருக்கிறார். விற்கும்போது மீட்டர் காட்டியது 41,876. நாங்கள் வாங்கியபோது இருந்ததைவிட 3,464 கிலோமீட்டர்தான் கூடுதல்! வாங்க வந்தவர் மீட்டரைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். அப்பா எதுவும் சொல்லவில்லை. அம்மா உள்ளே போய் நீல நோட்டைக் கொண்டு வந்து, 1980ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். விலை குறைந்தது. அன்று இரவு அப்பா அம்மாவோடு பேசவில்லை. வந்தவரோ வண்டியை எடுப்பதற்கு முன் திண்ணையில் உட்கார்ந்து, நோட்டின் கடைசி மூன்று பக்கங்களைத் தன் கைப்பட எழுதிக்கொண்டு போனார்.

அந்த மூன்றாவது பக்கத்தின் கீழே, அம்மாவின் கடைசிப் பதிவில், மீட்டர் என்ற பத்தியில் இருப்பது இதுதான்: “1,41,876. குறைந்தபட்சம்.”