வவுனியா ஓடுபாதையை எங்கே பிரிப்பது?

ஊர் வரலாறு தொகுக்கும் நண்பர் ஒருவர் வவுனியா விமானத்தளத்துக்கு இரண்டு அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார்: இராணுவ வரலாறு, சிவில் வரலாறு. இரண்டாவதை என் தலையில் கட்டினார். இரண்டு வாரம் முயன்றும் அரைப் பக்கம் தேறவில்லை.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை அப்படிப் பிரிக்கலாம். அதுவும் பிரிட்டிஷ் விமானப்படை போருக்காக அமைத்ததுதான். ஆனாலும் 1947 டிசம்பரிலேயே கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எயார் சிலோன் விமானம் அங்கே இறங்கிப் போனது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகவும் திறந்தார்கள். டிக்கெட், பெட்டி, சுங்கம் என்று எழுத எவ்வளவோ உண்டு.

வவுனியா அப்படியல்ல. அது பிறந்ததே இரண்டாம் உலகப் போருக்கு. பிரிட்டிஷ் விமானப்படையின் 22 ஆவது ஸ்குவாட்ரனின் (படையணியின்) போஃபோர்ட் விமானங்கள் இங்கே நின்றன. கப்பல்களை டோர்பிடோவால் தாக்கும் விமானங்கள். நின்றதோ கடற்காற்றே படாத காட்டுக்குள்! பிறகு அது இலங்கை விமானப்படையின் தளமானது. இதற்குமேல் 'சிவில்' என்று ஓர் அத்தியாயம் போட்டால், தலைப்பே பொய் சொல்லும்.

ஆனால் சிவில் வரலாறே இல்லையா என்றால், இருக்கிறது. நாங்கள் அதைப் பயணிகளிடம் தேடுகிறோம், அதுதான் பிழை. 2008 செப்டெம்பர் 9 அதிகாலை புலிகள் தரைவழியாகவும் வான்வழியாகவும் தளத்தைத் தாக்கினார்கள். இராணுவ அத்தியாயத்தில் அது தளத்திலிருந்த ராடாரைப் பற்றிய செய்தி. எங்கள் வீட்டில் அது, அம்மா தங்கையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, விளக்கைப் போடாதே என்று என்னை அதட்டிய இரவு. விடிந்ததும் அப்பா வழமைபோலச் சைக்கிளை எடுத்தார். அம்மா அதைப் பறித்துப் பூட்டிவிட்டார்.

எனவே நண்பரிடம் சொல்லிவிட்டேன்: விமானங்களை வைத்துப் பிரிக்காதீர்கள், முட்கம்பி வேலியை வைத்துப் பிரியுங்கள். உள்ளே நடந்தது ஓர் அத்தியாயம், வெளியே வாழ்ந்தவர்கள் மற்றது. அப்படியென்றால் என் அரைப் பக்கம் ஐம்பது பக்கமாகும். வயதானவர்களைத் தேடிப்போய்க் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு இன்னும் சம்மதமில்லை. "அது விமானத்தளத்தின் வரலாறாகுமா?" என்கிறார்.

போன மாதம் தங்கை வெளிநாடு போனாள். ஊருக்குள் ஓர் ஓடுபாதை இருக்க, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வாடகை வான் பிடித்து இரவிரவாகப் போனோம். அந்த வான் கூலியையும் அத்தியாயத்தில் சேர்க்கப்போகிறேன்.