பின்தேதியிட்ட சீனியாரிட்டி யாருக்கும் வேண்டாம்

நேரடியாகத் தேர்வு எழுதி வந்த டைரக்ட் ரெக்ரூட்டா, பதவி உயர்வில் வந்த பிரமோட்டியா, யார் சீனியர்? மத்திய அரசு அலுவலகங்களில் அறுபது வருடத்துக்கு மேலாக ஓயாத சண்டை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, இதற்கு ஏன் கோர்ட் வரைக்கும் போகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். சீனியாரிட்டி லிஸ்டில் ஒரு பெயர் முப்பது இடம் கீழே இறங்கினால் அடுத்த பதவி உயர்வு வருடக்கணக்கில் தள்ளிப்போகும். ரிட்டையர்மென்ட் நெருங்கியவர்களுக்கு அது வராமலேயே போகும்.

நான் கிளார்க்காகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, இன்ஸ்பெக்டர் ஆனவன். அதாவது பிரமோட்டி. எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பது தெரிந்துவிட்டால் படிப்பவர்களுக்கு வசதி. என் கருத்து இதுதான்: ஒருவர் ஒரு பதவியில் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் அந்தப் பதவியில் அவருடைய சீனியாரிட்டி ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய தேதி எந்தப் பக்கத்தாருக்கும் கூடாது.

வருமான வரித்துறை இன்ஸ்பெக்டர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பதவி உயர்வில், ஒரு பங்கு எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதி வருபவர்களுக்கு. பதவி உயர்வுக்கு டி.பி.சி., அதாவது துறைப் பதவி உயர்வுக் குழு, கூடிப் பேனல் (தேர்வானவர்கள் பட்டியல்) போட்டால் போதும், நினைத்தால் அந்த வருடமே முடித்துவிடலாம். நேரடி நியமனம் அப்படி இல்லை. எஸ்.எஸ்.சி.க்குக் கோரிக்கை போக வேண்டும், அறிவிப்பு வர வேண்டும், பல கட்டத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து ஆள் வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும். ஒரே வருடத்துக் காலியிடத்துக்கு ஒருவர் இன்று வருகிறார், இன்னொருவர் மூன்று வருடம் கழித்து வருகிறார். இவர்களில் யார் சீனியர் என்பதுதான் கேள்வி.

1959 டிசம்பரில் வந்த மத்திய அரசின் உத்தரவு ரோட்டா-கோட்டா முறையைக் கொண்டுவந்தது. இரு தரப்பையும் அவரவர் கோட்டா விகிதப்படி லிஸ்டில் மாறி மாறி வைக்கும் முறை அது. நேரடி நியமனத்தாருக்கான இடங்களை லிஸ்டில் வெறுமையாக விட்டு வைப்பார்கள். எப்போது வந்தாலும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எத்தனையோ வருடம் வேலை பார்த்தவருக்கு மேலே புதிதாக வந்தவர் போய் நின்றார். வழக்குகள் குவிந்தன. வருமான வரி அதிகாரிகள் விஷயத்தில் மட்டும் 1967-ல் ஜெய்சிங்கானி வழக்கு, 1972-ல் பிஷன் சரூப் குப்தா வழக்கு, 1974-ல் மறுபடியும் அதே குப்தா. கடைசியில் 1986 பிப்ரவரி 7 அன்று வந்த உத்தரவு, பின்னால் வருபவர்களுக்காக லிஸ்டில் இடத்தை வெறுமையாக விட்டு வைப்பதை நிறுத்தியது. ஆள் இருக்கும் வரைதான் மாறி மாறி வரிசை, லிஸ்டில் மீதி இடம் அந்தந்த வருடத்தோடு முடிந்தது.

பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 2012 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் என்.ஆர். பர்மார் வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. காலியிடம் எந்த வருடத்தைச் சேர்ந்ததோ, அந்த வருடமே ஆள் எடுக்கும் வேலை தொடங்கியிருந்தால், நேரடி நியமனத்தார் பிறகு எப்போது சேர்ந்தாலும் அந்த வருடத்துப் பிரமோட்டிகளோடு சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்பது தீர்ப்பு. 2014 மார்ச்சில் அதை அமல்படுத்தச் சொல்லி உத்தரவும் வந்தது. பழைய லிஸ்டுகளைக் கலைத்து எழுதினார்கள், பழைய பதவி உயர்வுகளை மறுபடி பார்க்க ரிவியூ டி.பி.சி. போட்டார்கள். ஒரு பைலில் குறிப்பு எழுதி, மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, வரி ஆய்வுக்கும் சோதனைக்கும் போய் வந்தவர், அந்த நாளில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஜூனியர் ஆனார். இதை நியாயம் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

2019 நவம்பர் 19 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு பர்மார் தீர்ப்பு சரியில்லை என்றது. மணிப்பூர் போலீஸ் சர்வீஸ் வழக்கு அது, கே. மேகசந்திர சிங் வழக்கு. பிரமோட்டிகள் 2007 மார்ச் 1 அன்று நியமிக்கப்பட்டார்கள், நேரடி நியமனத்தார் அதே வருடம் ஆகஸ்டிலும் நவம்பரிலும். சர்வீஸிலேயே இல்லாத ஒரு தேதியிலிருந்து யாரும் சீனியாரிட்டி கேட்க முடியாது என்று சொல்லிப் பிரமோட்டிகளையே சீனியர் ஆக்கினார்கள். பர்மார்படி ஏற்கெனவே போட்ட லிஸ்டுகளைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் அதற்கான உத்தரவு வந்தது. 2022 டிசம்பரில் இன்னொரு அமர்வு, மேகசந்திர சிங் தீர்ப்பையே பெரிய அமர்வு மறுபடி பார்க்கட்டும் என்று அனுப்பி வைத்தது.

இப்படி மாறி மாறி வந்தால் ஒரு ஊழியர் எதை நம்பித் தன் வாழ்க்கையைத் திட்டமிடுவது?

நேரடி நியமனத்தாரின் வலி எனக்குத் தெரியாதது இல்லை. 2017-ம் வருடத்துக்கான சி.ஜி.எல். தேர்வு (பட்டதாரிகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்துவது) எழுதிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வினாத்தாள் கசிவுப் புகார், உச்ச நீதிமன்றத் தடை என்று இழுத்து, இறுதி முடிவு வந்தது 2019 நவம்பரில். அதே மாதம் மேகசந்திர சிங் தீர்ப்பும் வந்தது. கஷ்டப்பட்டுப் படித்து ஜெயித்தவர்கள், தங்கள் தவறு எதுவும் இல்லாமல் வருடங்களை இழந்தார்கள். அவர்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் அந்த வருடங்களைப் பறித்தது பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிரமோட்டி இல்லை. தேர்வை ஒழுங்காக நடத்த முடியாத அமைப்பு பறித்தது. நஷ்ட ஈட்டையும் அதுதான் தர வேண்டும். அடுத்த பதவி உயர்வுக்கான குறைந்தபட்ச சர்வீஸில் அவர்களுக்குச் சலுகை கொடுக்கட்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன். என் சர்வீஸை வெட்டி அவர்களுக்குக் கொடுப்பது எப்படித் தீர்வாகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். டி.பி.சி.யை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு, அதற்குள் ஒருவர் ரிட்டையர் ஆகிவிட்டால், அவருக்குப் பின்தேதியிட்டுப் பதவி உயர்வு கிடையாது. பேனலில் பெயர் வரலாம், பதவி வராது. துறை செய்த தாமதத்துக்கு அந்த மனிதருக்கு ஒரு நாள்கூடப் பின்தேதி தராத அரசு, அதே தாமதத்துக்கு இன்னொரு பிரிவுக்கு மட்டும் ஏன் பின்தேதி தர வேண்டும்? என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் அப்படித்தான் போனார். பேனல் ரெடி, கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று நிறுத்தி வைத்தார்கள். பிரிவு உபசார விழாவில் அவர் பழைய பதவியின் பெயரோடுதான் மாலை வாங்கினார். அதைப் பார்த்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1990-ல் மகாராஷ்டிரா இன்ஜினியர்கள் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: விதிப்படி நியமனம் பெற்றவருக்கு நியமன நாளிலிருந்து சீனியாரிட்டி, கன்ஃபர்மேஷன் (பணி நிரந்தரம்) எப்போது என்பது கணக்கில்லை. விதியை மீறித் தற்காலிகமாக ஆள் போட்டால் அந்தக் காலம் சேராது. முதல் பாதியை மட்டும் கோர்ட்டில் படித்துக் காட்டிவிட்டு, கோட்டாவுக்கு மேலே போட்ட அட்ஹாக் (தற்காலிக) சர்வீஸையும் கணக்கில் சேர்க்கச் சொல்லும் பிரமோட்டிகள் உண்டு. அதுவும் பின்தேதிதான். அதையும் நான் எதிர்க்கிறேன்.

இதெல்லாம் வருடா வருடம் ஒழுங்காக லிஸ்ட் போட்டாலே பாதி தீர்ந்துவிடும். ஜனவரி 1 நிலவரப்படி வரைவு லிஸ்ட், ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம், பிறகு இறுதி லிஸ்ட். எத்தனை துறைகளில் இது ஒழுங்காக நடக்கிறது? பல வருடம் சும்மா இருந்துவிட்டு, கோர்ட் உத்தரவு வந்ததும் பத்து வருடத்துக்கும் சேர்த்து ஒரே லிஸ்ட் போடுகிறார்கள். அன்றைக்கே நூறு பேர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள். சீனியாரிட்டியை எதிர்க்க மூன்று நான்கு வருடம்தான் நியாயமான காலம் என்று ஷிபா சங்கர் மொஹாபாத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. லிஸ்டே போடாவிட்டால் அந்தக் காலம் எந்த நாளிலிருந்து ஓடும்?

இரண்டு பக்கத்துச் சங்கங்களும் தனித்தனியாக வக்கீல் ஃபீஸுக்கு வசூல் செய்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெரிய அமர்வு எதைச் சொன்னாலும் தோற்ற பக்கம் சும்மா இருக்கப் போவதில்லை. அதற்கு முன்பே இரண்டு சங்கமும் ஒன்றாகப் போய் நிர்வாகத்திடம் மூன்றே மூன்று கேட்க வேண்டும்: சேர்ந்த தேதியே சீனியாரிட்டி, வருடா வருடம் லிஸ்ட், காலியிடம் வந்த வருடமே எஸ்.எஸ்.சி.க்குக் கோரிக்கை. எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். டைரக்ட் ரெக்ரூட் தம்பி தங்கைகள் யாராவது உங்கள் சங்கத்தில் இதே தீர்மானத்தை எழுதித் தந்தால், முன்மொழிய நானும் கூட வருகிறேன்.